பதினான்காம் பச்சை

ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலையடிவாரத்து ஊரில், பெண்கள் கட்டும் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களுக்கு எனாமல் பூசுவது என் வேலை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தங்கத் தகடு வரும். அதன்மேல் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை வளைத்து நிறுத்திப் படம் போடுவேன். கம்பிகளுக்கு இடையே வண்ணக் கண்ணாடித் தூளைத் தண்ணீரில் குழைத்து நிரப்பி, உலையில் வைத்து உருக்கி, ஆறவிட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி உருக்குவேன். எட்டுப் பத்து தடவை உலைக்குள் போய் வந்த பிறகு தகடு ஒரு பூவாகவோ பறவையாகவோ ஆகியிருக்கும். இல்லையென்றால் விரிசல் விட்டுக் குப்பைக்குப் போகும். சுற்றிலும் வைரம் பதிப்பவர் வேறு ஆள். உள்ளே சக்கரங்களைப் பூட்டுபவர் வேறு ஆள். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஊரில் இதை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. திருவாரூரிலிருந்து முக்கால் மணி நேரம் பேருந்தில் போனால் எங்கள் ஊர். அப்பா முதலில் கூலிக்கு நட்டவர், அறுத்தவர். இப்போது சொந்தமாக ஐந்து மா நிலம், குத்தகைக்கு ஆறு மா வைத்து விவசாயம் பார்க்கிறார். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஃபாரின்ல வாட்ச் கம்பெனி" என்று முடித்துக்கொள்வார். பெயின்ட் அடிக்கும் வேலை என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை வெளியே சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

வம்பை நான்தான் விலைக்கு வாங்கினேன். எங்கள் பட்டறைத் தலைவி ஒரு நாள் புதிய கடிகாரத்தின் படத்தை மேசையில் விரித்தார். மழை விட்ட பிறகு ஒரு நெல்வயல், விளிம்பில் வைரங்கள், பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு மரகதம். வரைந்தவர் நெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது படத்திலேயே தெரிந்தது. தலைவி என் பக்கம் திரும்பி, "நீங்கள் நெல் விளையும் ஊர்க்காரர் அல்லவா? இந்தப் பச்சை சரிதானா?" என்று கேட்டார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். நான், "எந்த வாரத்துப் பச்சை?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்கு மேல் விளக்கமும் கொடுத்தேன். நாற்றங்காலில் ஒரு பச்சை, நட்டதும் வெளுத்துப்போய் ஒரு பச்சை, வேர் பிடித்ததும் ஒன்று, தூர் கட்டும்போது ஒன்று, கதிர் வெளியே வரும்போது வேறொன்று. தலைவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுநாள், ஊருக்குப் போக நான் கேட்டிருந்த இரண்டு வார விடுமுறை, விடுமுறை இல்லை, வேலை என்று மாற்றப்பட்டிருந்தது. சரியான பச்சையைக் கண்டுபிடித்து வர வேண்டும்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு இருபத்துநான்கு வெள்ளித் தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பச்சையை உருக்கினேன். பின்புறத்தில் எண் பொறித்தேன். உலையில் வைத்த வரிசைதான் எண். நிறத்தின் அடர்த்திக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. பதினான்காவது தகட்டை வைத்த அன்று உலையின் சூடு மீறி, பச்சை கருத்துப்போய்விட்டது. கெட்டதும் கணக்கில் இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் சாவிக்கொத்து மாதிரி கோத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் சோதனை அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சாம்பிள் சார்."

"எதுக்கு சாம்பிள்?"

"பச்சைக்கு."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் எண்ணி, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் போன சமயம் சம்பா நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. பயிர் தூர் கட்டி நின்றது. முதல் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வயலில் இறங்கினேன். வெயில் நேராக விழுந்தால் எனாமல் பளபளத்து நிறம் தெரியாது. ஆகவே சூரியனுக்கு முதுகைக் காட்டி, என் நிழலுக்குள் ஒரு இலையைப் பிடித்து, தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைத்துப் பார்த்தேன். எண்ணை நோட்டில் குறித்தேன். அடுத்த இலை. அப்பா வரப்பில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"தெரியலப்பா."

"பச்சைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டா ஒத்துக்க மாட்டாங்களா?"

அந்த நேரத்தில்தான் பெரிய வயல்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அவர் வயலில்தான் அப்பா இருபது வருஷம் கூலி வேலை பார்த்தார். இப்போது அவருக்கு வயது எழுபது இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். பக்கத்தில் ஒன்பது ஏக்கர் அவருடையது.

"என்னடா, உன் மவ நடு வயல்ல என்ன பண்ணுது?"

அயல்நாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து மகள் நெல்லின் நிறத்தைப் பார்க்கிறாள் என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. "அட்டை பாக்குதுங்க ஐயா," என்றார்.

இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பட்டையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலைந்து கட்டங்கள் இருக்கும். காலையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலில் இலையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலை வெளுத்திருந்தால் தழைச்சத்து போதவில்லை, யூரியா போட வேண்டும் என்று அர்த்தம். வேளாண்மைத் துறையில் எப்போதோ கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அட்டை மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி கடித்த நிலையில் இருந்தது. நான் நின்ற நிலை, பிடித்த பிடி எல்லாம் அச்சு அசல் அதே மாதிரி இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பெரிய வயல்காரர் வரப்பில் இறங்கி வந்தார். வளையத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"வெளிநாட்டு அட்டையா?"

"வெளிநாட்டுலதான் செஞ்சேன்," என்றேன். அது உண்மைதான்.

"நம்ம வயலையும் ஒரு பார்வ பாரு."

எனக்கும் வேறு வேறு பச்சைகள் தேவைப்பட்டன. போய்ப் பார்த்தேன். "பதினொன்னு," என்றேன். அவர் தலையசைத்து, "பதினொன்னு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டு வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"வந்து பாருங்க," என்றார் என்னிடம்.

அந்த 'ங்க'வைக் கேட்டு அம்மா துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தாள்.

போய்ப் பார்த்தேன். இலைகள் நன்றாகக் கருத்திருந்தன. தகடுகளை வரிசையாக வைத்தேன். பொருந்தியது பதினான்கு. நான் உலையில் கெடுத்த பச்சை.

"பதினாலு," என்றேன் கொஞ்சம் சங்கடத்துடன்.

"பதினொன்னுலேர்ந்து பதினாலு!" அவர் முகம் மலர்ந்தது. ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா எறிந்திருந்தார்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் காலை வாய்க்கால் மதகில் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் கையில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் எவ்வளவோ சொன்னேன், இது உரத்துக்கான அட்டை இல்லை என்று. "உரத்துக்கு வேணாம், நம்பர் மட்டும் சொல்லுங்க," என்றார்கள். நம்பர் சொல்வதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். ஏழு, ஒன்பது, பதினொன்று, இருபது. ஏழு வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வந்தவரை மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். எண்ணுக்கும் அடர்த்திக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர், ஈரத் துணியில் சுற்றிய நாலு இலைகளோடு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்.

"இருபத்திநாலு எப்பங்க வரும்?" என்று ஒருவர் கேட்டார்.

பார்த்தேன். இருபத்துநான்காவது தகடு கிட்டத்தட்ட மஞ்சள்.

"அறுப்புக்கு முன்னாடி அதுவா வந்துரும்," என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

என் வேலைதான் நடக்கவில்லை. ஒரு நாள் ஒன்பதாம் பச்சை என்று குறித்த வயல், மூன்று நாள் கழித்துப் போனால் பதினொன்றாகி, பதினான்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்த வயல்களுக்கெல்லாம் யூரியா போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறத்தை அளக்கப் போன நானே நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். பதினான்காம் பச்சை வேண்டும் என்றால் உலையைக் கெடுத்தாலே போதும், அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

அப்பாவின் வயலில் வடகிழக்கு மூலையில் தண்ணீர் வடியாமல் நின்று, பயிர் வெளுத்திருந்தது. அங்கே பொருந்தியது மூன்றாவது தகடு.

"மூணா?" என்றார் அப்பா. "இருபத்தி நாலுக்கு மூணா?"

"மார்க் இல்லப்பா அது."

"ஊருக்கெல்லாம் பதினாலு போட்டுட்டு அப்பனுக்கு மூணு போடுற." அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் வாரம் வேளாண்மை உதவி அலுவலர் ஸ்கூட்டரில் வந்தார். என் வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"எந்தக் கம்பெனி அட்டைங்க உங்களுது?"

"கம்பெனி இல்லைங்க. இது வாட்ச்சுக்கு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நாலு வருஷமா இந்த ஊர்ல என் அட்டைய ஒருத்தர் வாங்கிப் பாத்ததில்ல. இப்ப நான் நீட்டுனா, 'உங்ககிட்ட நாலு பச்சைதான் இருக்கு, அந்தப் புள்ளகிட்ட இருபத்திநாலு இருக்கு'ங்கறாங்க."

இருவரும் கொல்லையில் உட்கார்ந்து அவர் பிளாஸ்டிக் அட்டையையும் என் வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் வேலையில் கெட்டிக்காரர். ஒவ்வொரு தகடாக எடுத்து, தன் அட்டைக் கணக்கில் இது மூன்று, இது மூன்றரை என்று சொல்லிக்கொண்டே போனார். பதினான்கைக் கையில் எடுத்ததும் நிறுத்தினார்.

"இது வேண்டவே வேணாங்க. இவ்வளவு கருப்பா இருந்தா தழைச்சத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம். இலைச்சுருட்டுப் புழு விருந்துக்கு வர்ற மாதிரி வரும். இதையா எல்லாருக்கும் சொன்னீங்க?"

"நான் சொல்லல. அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

"இந்தப் பச்சை எங்க கெடச்சுது உங்களுக்கு?"

"உலை சூடாயிருச்சு."

அவர் வளையத்தைத் தரையில் வைத்தார். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்து, அம்மா எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

அன்று மாலை நாலு மணிக்கு நியாய விலைக் கடைக்கு எதிரே அலுவலர் ஊர்க்காரர்களைக் கூட்டினார். நான் எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். இது விவசாயத்துக்கானது இல்லை. பெண்கள் கையில் கட்டும் ஒரு கடிகாரத்தில் நெல்வயல் வரையப் போகிறோம், அதற்கான பச்சை இது.

முதலில் பெரிய வயல்காரர் கேட்டார்: "வாட்ச்சுல எதுக்குங்க வயலு?"

"அழகுக்கு."

"எவ்வளவு பெரிய வயலு?"

நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன்.

"அதுல முள்ளு ஓடுமா?"

"ஓடும்."

"முள்ளு வயல மறைக்காதா?"

இதைப் பட்டறையில் யாரும் கேட்டிருக்கவில்லை. மறைக்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். என்னிடம் இதுவரை வேலையைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்டிராதவள் அங்கே வைத்துத்தான் கேட்டாள். "அந்தக் கண்ணாடியை என்னதான் பண்ணுவ?" சொன்னேன். கல் உரலில் தண்ணீர் விட்டு அரைப்பேன். அரைத்ததை அலசுவேன். கலங்கல் போய்த் தண்ணீர் தெளியும்வரை பத்துப் பதினைந்து தடவை. கலங்கல் கொஞ்சம் மிஞ்சினாலும் நிறம் மங்கிவிடும்.

"அலசுன தண்ணிய என்ன பண்ணுவ? கொட்டிருவியா?"

"இல்லம்மா. அடியில தங்குற மண்டிய எடுத்து வெச்சுக்குவோம். தகட்டுக்குப் பின்னாடி பூசுவோம். முன்னாடி மட்டும் பூசுனா தகடு வளைஞ்சிரும். ரெண்டு பக்கமும் இழுக்கணும்."

"பின்னாடி யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"ம்," என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் என் தொழிலைக் குறைவாக நினைத்ததில்லை.

ஆனால் மற்றவர்கள் நம்பவில்லை. கூட்டம் கலையும்போது, ஏழாம் பச்சை வந்தவர் என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "சொல்ல இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. அதுக்காக வாட்ச்சுன்னெல்லாம் சொல்லாதீங்க." யூரியாவை நிறுத்தச் சொன்ன அலுவலரின் பேச்சை மட்டும் கேட்டார்கள். என் இருபத்துநான்கையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று நினைத்ததால் கேட்டார்கள். பெரிய வயல்காரரின் வயலில் அதற்குள் புழு வந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டே, "பதினாலுன்னா புழுவுக்கும் புடிக்கத்தான செய்யும்," என்றாராம்.

புறப்பட இரண்டு நாள் இருந்தபோது தலைவி வீடியோவில் வந்தார். வயலைக் காட்டச் சொன்னார். போனை நீட்டிக்கொண்டு வரப்பெல்லாம் நடந்தேன். மழை விட்டிருந்தது. எதிரே ஒன்பது ஏக்கர் கருகருவென்று நின்றது.

"இது நெல் மாதிரியே இல்லையே," என்றார் தலைவி. "நம்பும்படி இல்லை. வேறு?"

இன்னும் நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். வடகிழக்கு மூலையைக் கடந்தபோது போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நில்லுங்கள்! அதுதான். உள்ளேயிருந்து விளக்கு எரிகிற மாதிரி இருக்கிறதே, அதுதான்."

"என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா.

"நம்ம மூலை புடிச்சிருக்காம்."

அப்பா அந்த வெளுத்த பயிரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அவங்ககிட்ட வெவசாயம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் விமானம் ஏறிய அன்று காலையில், வடிகால் வெட்டிவிட்டு அந்த மூலைக்கு உரம் போட்டார். நாலே நாளில் அந்தப் பச்சை உலகத்தில் இல்லாமல் போயிற்று. அதற்குச் சாட்சியாக என்னிடம் மூன்றாவது தகடு மட்டும் இருந்தது.

வெள்ளியில் வந்த பச்சை தங்கத்தில் வராது. தங்கத்தின் மஞ்சள் கீழேயிருந்து ஏறிவிடும். கண்ணாடியை மாற்றி மாற்றி அரைத்து, அதைக் கட்டுப்படுத்தவே ஐந்து வாரம் ஆயிற்று. முதல் தகடு ஏழாவது சூட்டில் விரிசல் விட்டது. இரண்டாவதில் ஒரு நெல் இலையின் நுனியில் காற்றுக்குமிழி. மூன்றாவது பிழைத்தது. கல் பதிப்பவர் விளிம்பில் வைரங்களைப் பதிக்கும்போது நான் அந்த அறைக்குப் போகவே இல்லை. அவர் கருவி ஒரு இம்மி வழுக்கினால் வயல் போய்விடும். முட்களைப் பற்றிய கேள்வியைத் தலைவியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, முட்களை நாற்று அளவுக்கு மெலிதாக்கச் சொன்னார்.

படத்தை அலுவலருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர். ரீடிங் இரண்டரை. மேலுரம் தேவை."

கடிகாரத்தை வாங்கியவர் நேரிலேயே வந்தார். அறுபது வயதைக் கடந்த பெண்மணி, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பட்டறைக்கு நடந்தே வந்திருந்தார். செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். என்னை அழைத்தார்கள். கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருந்தது. வைரங்களை அவர் பார்க்கவில்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பச்சை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறதே. வேண்டுமென்றே செய்ததா?"

தலைவி என்னைப் பார்த்த பார்வையில் பொய் சொல்லச் சொல்லும் கெஞ்சல் இருந்தது. எனக்கு அதற்குள் பொய்யும் உண்மையும் சம அளவில் அலுத்துப்போயிருந்தன.

"ஆமாம். தண்ணீர் தேங்கிய மூலை அது. தழைச்சத்து போதாமல் வெளுத்திருக்கிறது," என்றேன்.

அவர் முகம் மாறியது. கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"ஐயோ. பிழைத்துவிடுமா?"

"பத்து நாளில் தேறிவிடும். அப்பா உரம் போட்டுவிட்டார்."

"நல்லது," என்றார். உண்மையாகவே அவருக்கு நிம்மதி. வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, கோட்டின் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.